ஆர்கான் வெல்டிங்: எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது?

சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ராடே எரிந்து உருகி இணைப்பில் சேரும். பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் எனப்படும் டிக் வெல்டிங்கில் அப்படியில்லை. டார்ச்சிலுள்ள டங்ஸ்டன் முனை உருகாமல் ஆர்க்கை மட்டும் தாங்கும். அதன் உருகுநிலை சுமார் 3,400 டிகிரி செல்சியஸ். ஃபில்லர் ராடை மறு கை தனியாக ஊட்ட வேண்டும். சுற்றிலும் பாயும் ஆர்கான், காற்றை அண்டவிடாது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரடித் இம்முறையை உருவாக்கியபோது அதில் பயன்பட்டது ஹீலியம்.

மெஷின் வாங்குமுன் எந்த உலோகத்தில் வேலை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரும்பும் எஸ்.எஸ்ஸும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டும்தான் என்றால் டிசி போதும். டார்ச் நெகட்டிவில் இருக்கட்டும். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதன்மேல் படிந்த ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏசியில் மின்னோட்டம் திசை மாறி டார்ச் பாசிட்டிவாகும் ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் உடைகிறது. அலுமினிய வேலை கையில் இல்லாதபோது ஏசி மெஷினுக்குப் பணத்தைக் கொட்டுவது வீண். அந்தப் பணத்தில் எச்.எஃப். (உயர் அதிர்வெண்) ஸ்டார்ட் உள்ள மெஷினாகப் பார்த்து வாங்கலாம். உலோகத்தைத் தொடாமலே ஆர்க் பிடிக்கும், முனை கெடாது.

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டுக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது கணக்கு. சிவப்புப் பட்டை போட்ட டங்ஸ்டனில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. தீட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் லாந்தனம் கலந்ததே என் தேர்வு. முனையை நீளவாக்கில் தீட்டுங்கள். குறுக்கே கோடு விழுந்தால் ஆர்க் அலையும். சிலிண்டரில் சுத்த ஆர்கான்தான் இருக்க வேண்டும். மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலவையை மாட்டினால் டங்ஸ்டன் எரிந்துபோகும். நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் போதும். கூட்டினால் வாயு சுழன்று காற்றை உள்ளே இழுக்கும்.

டார்ச்சை நிமிர்த்திப் பிடித்து, போகும் திசைக்கு எதிர்ப்புறம் சுமார் 15 டிகிரி சாய்த்துக்கொள்ளுங்கள். முனைக்கும் உலோகத்துக்கும் இடைவெளி டங்ஸ்டனின் தடிமன் அளவுதான். உருகிய குளம் பளபளவென்று தெரியும்வரை பொறுத்து, அதன் முன்விளிம்பில் ராடைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ராடின் சூடான நுனி ஆர்கானை விட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் கறுத்து, அந்த அழுக்கு குளத்தில் சேரும். டங்ஸ்டன் குளத்தில் பட்டுவிட்டதா? நிறுத்திவிட்டு மறுபடி தீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் டார்ச்சை உடனே தூக்காதீர்கள். வாயு நிற்கும்வரை அங்கேயே இருக்கட்டும். எஸ்.எஸ். தையல் வெளிர்பொன் நிறமாக இருந்தால் நல்லது. சாம்பலாக மங்கியிருந்தால் சூடு அதிகம், அல்லது வாயு போதவில்லை.

பால் ஓடும் எஸ்.எஸ். குழாய் என்றால் உட்பக்கமும் ஆர்கான் நிரப்பியே ஒட்ட வேண்டும். நிரப்பாவிட்டால் உள்ளே சர்க்கரைப் பாகு காய்ந்ததுபோல் சொரசொரப்பாகிவிடும். அந்த இடுக்குகளில் பாக்டீரியா தங்கும், கழுவினாலும் போகாது.