சர்க்கரையும் ஞாபகமும்: எவ்வளவு குறைக்கலாம்?

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலிலோ அது ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கல்லீரலையும் தசையையும் போலச் சர்க்கரையைச் சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போவதைத்தான் ‘லோ சுகர்’ என்கிறார்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அட்ரினலின் எழுப்பும் எச்சரிக்கை. 54க்குக் கீழே இறங்கினால் மூளையே தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், எளிய கணக்கும் பிசகும், நன்கு தெரிந்த பெயர் நினைவுக்கு வராது. இப்படித் தடுமாறுபவரைக் குடித்திருக்கிறார் என்று பிறர் நினைப்பதும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அளவு சில நிமிடங்களில் ஏறிவிடும். நிதானம் திரும்ப அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் உடனே வண்டியை எடுக்கக் கூடாது. அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கு நடுக்கமும் வியர்வையும் மெல்ல மங்கிவிடும். முன்னறிவிப்பு இல்லாமலே குழப்பம் வருவது இவர்களுக்குத்தான்.

தேர்வு நாளில் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பதால் பெரிய லாபம் இல்லை. நோயில்லாத உடல் தன் அளவைத் தானே காத்துக்கொள்கிறது.

மிகுந்த சர்க்கரை செய்யும் கேடு மெதுவானது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் பழுதாகின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி இதில் எளிதில் பாதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாதவர்களிலும், சராசரி அளவு 100 இருந்தவர்களைவிட 115 இருந்தவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, சர்க்கரைதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை.

அப்படியானால் சர்க்கரையை முடிந்தவரை இறக்கினால் ஞாபகம் பிழைக்குமா? இந்தக் கேள்வியை நேராகச் சோதித்தது ‘அக்கார்டு மைண்ட்’ ஆய்வு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 3,000 பேரில் ஒரு சாராருக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மற்றவர்களுக்கு இலக்கு 7 முதல் 7.9 வரை. 40 மாதங்களுக்குப் பின் கடுங்கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் மூளை சற்றுக் குறைவாகவே சுருங்கியிருந்தது. ஞாபகச் சோதனைகளிலோ இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. இதற்கிடையே, இது ஒரு பகுதியாக இருந்த பெரிய ‘அக்கார்டு’ ஆய்வில் கடுங்கட்டுப்பாட்டுப் பிரிவில் மரணங்கள் கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையே நிறுத்தப்பட்டது.

நினைவு மங்கத் தொடங்கிய முதியவர்களுக்கு எச்பிஏ1சி 8க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலும் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தளர்த்தியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்ட மாத்திரையை மறந்து மறுபடியும் போடுவதும், இன்சுலின் குத்திக்கொண்டு சாப்பிட மறப்பதும் இவர்களிடம்தான் அதிகம். சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால், வயதின் மேல் பழி போடும் முன் விரலில் குத்தி அளவைப் பார்ப்பதுதான் முதல் வேலை.