சுவரும் சித்திரமும்

புதுக்கடையில் நமது நண்பரொருவர் மேல்வாய்க் கடைவாய்ப் பற்களை இழந்து, வறுத்த அண்டிப்பருப்பைக் கடிக்க வகையின்றி வருந்தினார். செயற்கைப் பல் ஊன்றிக்கொள்ளச் சென்றவரிடம் வைத்தியர், "முதலில் எலும்பு வேண்டும்" என்றாராம். இது பணம் பறிக்கும் தந்திரமோ என்று நம்மை வினவினார்.

தந்திரமன்று. பல் போன இடத்தில் தாடையெலும்பு நாளடைவில் கரைகிறது; அதன் மேலுள்ள காற்றறையும் கீழிறங்கி, எஞ்சியதைக் குறைக்கிறது. படமெடுத்து அளந்து, எலும்பு போதாதெனில், காற்றறையின் மெல்லிய சவ்வைக் கிழியாது உயர்த்தி, அடியில் எலும்புத் தூளை நிரப்புகிறார்கள். நோயாளியின் சொந்த எலும்போ, பதப்படுத்திய மாட்டெலும்போ இதற்கு உதவும். பின்னதை விரும்பாதோர் முன்னரே சொல்லிவிடுதல் நலம். அது உறுதிப்படப் பல மாதங்கள் பொறுக்க வேண்டும். டைட்டேனியம் உயிருள்ள எலும்போடு ஒன்றிவிடுவதை 1952-இல் ஸ்வீடன் தேசத்துப் பிரானெமார்க் கண்டார். எலும்பே இல்லாவிடில் எதனோடு ஒன்றும்?

புகையிலையை விட்டு, நீரிழிவை அடக்கிக்கொண்டு செல்லுமாறு நண்பரிடம் கூறினோம். சுவரை வைத்தல்லவா சித்திரம்!