காலி சர்நேம் கட்டத்துக்குள் ஒரு கலாட்டா

ராயபுரத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார் ஒருவர். பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். சர்நேம்? அவர் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் வந்து பாருங்கள், அங்கே ஒரே அமர்க்களம்!

காலிக் கட்டம் உள்ளே போனதும் எம்ப்டி ஸ்ட்ரிங். எழுத்து ஒன்றுமில்லை, நீளம் 0. ஆனாலும் சி மொழியில் ஒரு பைட் பிடித்துக்கொள்ளும், முடிவுக்குறிக்காக! எண்ணாக மாற்று என்றால் ஜாவாஸ்கிரிப்ட் சட்டென்று 0 தரும். பைத்தான் பிழை என்று நின்றுவிடும். நிபந்தனையில் வைத்தால் பைத்தானுக்கு அது பொய், ரூபிக்கு மெய்! ஜாவாவில் அதைக் காற்புள்ளியால் பிரித்தால் 1 துண்டு. வெறும் காற்புள்ளியைப் பிரித்தால் 0 துண்டு!

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'செல்வம்' என்பதற்குள் எத்தனை எம்ப்டி ஸ்ட்ரிங் என்று பைத்தானிடம் கேளுங்கள். 8 என்னும்! நம் கண்ணுக்கு எழுத்து நான்குதான். யூனிகோடு கொம்பையும் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் குறிகள் 7 ஆகிவிடுகின்றன. அவற்றின் இடைவெளிகள் 6, இரு முனைகள் 2. அந்த எட்டு இடத்திலும் கோடு போடச் சொன்னால் ச ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும்!

ஆரக்கிள் தரவுத்தளத்திடம் போகும்போதுதான் விஷயம் கனமாகிறது. அது எம்ப்டி ஸ்ட்ரிங்கை 'நல்' (மதிப்பு தெரியவில்லை) ஆக்கிவிடும். சர்நேம் காலியாக உள்ளவர்களைத் தேட, எம்ப்டி ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். "எனக்கு சர்நேம் இல்லை" என்பது முழுமையான பதில். "இன்னும் சொல்லவில்லை" என்பது வேறு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்!

கணினிக்கு வெளியிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்க விசாப் படிவம் இன்னும் விசித்திரம். அங்கே 'செல்வம்' சர்நேம் கட்டத்துக்குத் தாவிவிடும். காலியான முன்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று எழுதச் சொல்வார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்!