பந்து கேட்குமா பாஸ்போர்ட்?



சிப்காட் ஆலைகளில் பகல் ஷிப்டு முடிந்து நாம் வீடு திரும்பும் மாலை வேளையில், கும்மிடிப்பூண்டியின் காலி மனைகளைச் சற்றே பாருங்கள். மூன்று குச்சி, ஒரு மட்டை, ஒரு ரப்பர் பந்து, இருபது சிறுவர்கள்! உள்ளூர்ப் பிள்ளை பந்து வீசுகிறான். இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளை மட்டை பிடிக்கிறான். ஒடிசாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவரின் மகன் ஓடிப் பந்தைத் தடுக்கிறான். அடித்தவனுக்கு ஓட்டம், தவறவிட்டவனுக்கு ஓய்வு. அங்கே வேறு சட்டம் கிடையாது!

மைதானத்தின் எல்லையைத் தாண்டியதும், சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

முகாம் பிள்ளை கெட்டிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் வென்றான், பள்ளியில் வென்றான். நாளை நாட்டுக்காக ஆடலாமா? இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரே இந்தியாவுக்காக ஆடலாம் என்று 2008ஆம் ஆண்டிலேயே டில்லி அரசு முடிவு கட்டிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு இந்த மண்ணில் பிறந்தது போதாதா? போதாது என்கிறது சட்டம்! 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவருக்கு மண்ணே சாட்சி. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் முடிச்சு மேலும் இறுகியது: தாய் நம்மூர்ப் பெண்ணாகவே இருந்தாலும், தந்தை 'சட்டவிரோதக் குடியேறி' என்று கருதப்பட்டால் பிள்ளைக்கு உரிமை இல்லை!

1983இல் கொழும்பு எரிந்தபோது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்தவர்கள் எந்த அலுவலக வாசலில் நின்று முத்திரை வாங்கியிருப்பார்கள்?

2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் கண்ணில் பட்டன. முப்பது கல் கடலுக்கு அப்பால் உள்ள இலங்கை படவில்லை! 2025இல், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்றார்கள். நன்று! ஆனால், தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. சிறைக்கதவைத் திறந்தவர்கள் வீட்டுக்கதவைத் திறக்கவில்லையே!

கடலுக்கு அப்பால் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்து கிள்ளப் போனவர்கள் நம்மவர்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, குடியுரிமைச் சட்டம் என்ற பெயரால் அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தானியம் அளப்பதுபோல் அளந்தார்கள்! அந்த மலைநாட்டுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து போன ஒருவரின் பேரன்தான் முத்தையா முரளிதரன். 1996இல் உலகக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் இருந்தார். 2010இல் காலி மைதானத்தில் டெஸ்ட் ஆட்டங்களில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். உலகில் வேறெவரும் எட்டாத எண்ணிக்கை அது! வந்தவர் வழியில் வந்த பிள்ளை, அந்த நாட்டின் கொடியை உயர்த்திக் காட்டினான்.

நமது முகாம்களில் இருப்போரிலும் ஒரு பகுதியினர் அந்த மலையகத் தமிழர்களே. இங்கிருந்து போனபோது அங்கே அந்நியர். அங்கிருந்து வந்தபோது இங்கே அந்நியர். எந்த ஊரில்தான் அவர்கள் சொந்தக்காரர்?

டில்லியைக் கேட்கும் நாம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'அகதிப் பையன்' என்ற சொல் நமது தெருவில் ஒலிப்பதில்லையா? 'வடக்கத்திப் பையன்' என்று நமது பிள்ளை கேலி பேசும்போது, நாம் கேளாதவர்போல் போனதில்லையா? உழைப்பை மட்டும் உள்ளே விட்டு, உழைப்பவனின் பிள்ளையை வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே, முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு ஒவ்வொரு மேடையிலும் முழங்குவோம். அது கிடைக்கும் நாள்வரை காத்திராமல், நம் கையில் உள்ளதை இன்றே செய்வோம். வரும் ஞாயிற்றுக்கிழமை நமது மன்றத்தின் ஆட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுவீர்கள் அல்லவா? எழுதும்போது முகாம் வாசலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்!