ஷாக் பம்ப் வாங்கப் போறீங்களா?

நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால் ஷாக்கப்சர் வைத்த சைக்கிள்கள் நிறைய நிற்கும். முன் ஃபோர்க்கைக் கையால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வரும். "இதுக்கெல்லாம் காத்து அடிக்கணுமா? அதுக்குத் தனி பம்ப் வேணுமா?" என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான சைக்கிளுக்கு வேண்டாம் என்பதுதான் பதில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், வாங்கின பிறகு தெரிந்தால் காசு போனது போனதுதான்.

விலை குறைந்த மவுண்டன் பைக் ஃபோர்க்கினுள் இருப்பது சாதாரண காயில் ஸ்பிரிங். அதில் காற்றுக்கு வேலையே இல்லை. விலை கூடிய ஃபோர்க்குகளிலும், பின்பக்கம் ஷாக் உள்ள பைக்குகள் பலவற்றிலும் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து வைத்த காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஃபோர்க்கின் இரண்டு கால் உச்சியையும் பாருங்கள். திருகி எடுக்கும் மூடி ஒன்று இருந்து, அதற்குக் கீழே மோட்டார் பைக் டியூபில் இருப்பது மாதிரி ஷ்ரேடர் வால்வு இருந்தால் அது ஏர் ஃபோர்க். பெரும்பாலும் இடது காலில் இருக்கும். மூடிக்குப் பதில் பிளஸ், மைனஸ் போட்ட திருகு மட்டும் இருந்தால் அது காயில். காயில்காரர்கள் இத்துடன் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகலாம், கோபம் இல்லை!

மவுண்டன் பைக்குக்கு இந்த ஏற்பாடு வந்து சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஆர்.எஸ்.1 என்ற ஃபோர்க்கை 1989-ல் கொண்டுவந்தது. அதில் காற்றும் எண்ணெயும்தான் வேலை செய்தன.

சரி, வீட்டில் இருக்கிற சைக்கிள் பம்பாலேயே அடித்தால் என்ன? நம் பாடத்தில் படித்த பிரஷர் = விசை / பரப்பளவு என்ற ஒரே சூத்திரம் போதும். மவுண்டன் பைக் டயருக்கு 20 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை போதும், ஆனால் உள்ளே கொள்ளும் காற்று நாலைந்து லிட்டர். ஃபோர்க்கின் காற்று அறையோ ஒரு டீ டம்ளர் அளவுதான். ஆனால் அதில் 60, 80, 100 பி.எஸ்.ஐ. என்று போகும். பின் ஷாக்கில் 200-ஐத் தாண்டுவதும் உண்டு. இடம் சின்னது, அழுத்தம் பெரிசு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 2.07 நியூட்டன்/ச.மி.மீ. டயர் பம்பின் சிலிண்டர் விட்டம் 32 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பளவு 804 ச.மி.மீ. கைப்பிடியை அமுக்க 1660 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 170 கிலோ எடை வேண்டும். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தாலும் இறங்காது. ஷாக் பம்பின் சிலிண்டர் 10 மி.மீ. என்றால் பரப்பளவு 78.5 ச.மி.மீ.தான். 16, 17 கிலோ விசையில் வேலை முடிந்தது. ஒரு அடிக்குக் கொஞ்சம்தான் காற்று போகும், அதனால் நிறைய தடவை அடிக்க வேண்டும். ஆனால் நமக்கு வேண்டியதும் அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கடையில் "300 பி.எஸ்.ஐ. பம்ப்", "400 பி.எஸ்.ஐ. பம்ப்" என்று பெரிய எண்ணைக் காட்டி விற்பார்கள். பெரிய எண் என்றால் நல்ல பம்ப் என்று நாமும் நினைப்போம். அங்கேதான் கேஜைப் பார்க்க வேண்டும்.

மெட்ராலஜி லேபில் பூர்டன் கேஜ் பார்த்திருக்கிறோம். அதன் பிழையை வழக்கமாக முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள், முள் நிற்கிற இடத்தின் சதவீதமாக அல்ல. 300 பி.எஸ்.ஐ. கேஜில் 2 சதவீதப் பிழை என்றால் 6 பி.எஸ்.ஐ. பின் ஷாக்கில் 200 அடிக்கும்போது இந்த ஆறு வெறும் 3 சதவீதம், பெரிதாகத் தெரியாது. அதே கேஜில் ஃபோர்க்குக்கு 70 அடித்தால் உண்மையில் 64-ஆகவும் இருக்கலாம், 76-ஆகவும் இருக்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும். காற்று குறைந்தால் ஃபோர்க் முழுசாக அமுங்கி முன்பக்கம் தலை குனியும். கூடினால் கல் மேல் சக்கரம் துள்ளி, தரையைப் பிடிக்காது. விழுவது பைக் இல்லை, நாம்.

ஆகவே முன்னால் மட்டும் ஏர் ஃபோர்க் இருப்பவர் 400-ஐத் தேடிப் போவது வீண். குறைந்த அளவு கேஜ் உள்ள பம்ப் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் கோடுகள் 5 பி.எஸ்.ஐ.க்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்; பத்துக்கு ஒரு கோடு போட்டதை வைத்துவிடுங்கள். பின் ஷாக்கும் உள்ளவருக்கு 300 வேண்டும். டிஜிட்டல் கேஜ் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாகக் காட்டும், படிக்க வசதி. ஆனால் ஒன்று ஒன்றாகக் காட்டுவதால் மட்டும் அது சரியாகக் காட்டுகிறது என்று ஆகிவிடாது. ரெசல்யூஷன் வேறு, அக்யூரசி வேறு. வைவாவில் கேட்பார்கள்! பேட்டரி தீர்ந்தால் ஒன்றும் தெரியாது என்பதும் உண்டு. என்னைக் கேட்டால், ஃபோர்க் மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு நல்ல முள் கேஜே போதும்.

அடுத்தது ஹோஸும் வால்வு முனையும். மாட்டும்போது ஷாக்கில் உள்ள காற்று கொஞ்சம் ஹோஸுக்குள் வந்துவிடும். 100 க.செ.மீ. அறையில் 165 பி.எஸ்.ஐ. இருந்து, ஹோஸும் கேஜும் சேர்ந்து 6 க.செ.மீ. என்றால், பாயில் விதிப்படி கேஜ் 156 பக்கம்தான் காட்டும். "நேத்து 165 அடிச்சேனே, லீக்" என்று ஷாக்கைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். காற்று எங்கும் போகவில்லை, ஹோஸில் இருக்கிறது. கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தமும், முனை நல்லதாக இருந்தால், ஹோஸ் காற்றுதான். சில பம்புகளில் முனையை முதலில் திருகி மாட்டிவிட்டு, பிறகு தனிக் குமிழால் வால்வு ஊசியை அமுக்கும் வசதி உண்டு. கழற்றும்போது ஊசி முதலில் மூடிக்கொள்ளும். இது இருந்தால் நல்லது. ஹோஸ் இப்படி அப்படி வளைய வேண்டும், ஏனென்றால் பின் ஷாக் வால்வு ஃப்ரேமுக்குள் இடுக்கில் இருக்கும். கடையிலேயே உங்கள் பைக்கில் மாட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். காற்றைத் துளித் துளியாக விட ஒரு பட்டனும் அவசியம் இருக்க வேண்டும்.

எவ்வளவு அடிப்பது? ஃபோர்க் காலில் ஒட்டிய அல்லது கூட வந்த அட்டவணையில் உங்கள் எடைக்குப் போட்ட எண்ணில் ஆரம்பியுங்கள். அடித்தபின் மெதுவாகப் பத்து தடவை அமுக்கி விட்டு, மறுபடி பாருங்கள். பிறகு காலில் உள்ள ரப்பர் வளையத்தை சீல் வரை இறக்கி, பையோடு பைக்கில் ஏறி, ஓட்டுகிற நிலையில் நின்று, குலுக்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளவுங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் 24 மி.மீ. நகர்ந்தால் 20 சதவீதம். முன்னால் 15 முதல் 20, பின்னால் 25 முதல் 30 என்பது பொதுவான கணக்கு. கூடினால் ஐந்து பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் வைக்கவே கூடாது. டம்ளர் அளவு அறை ஒரு நொடியில் அளவு மீறிவிடும், சீல் போய்விடும். பின் ஷாக்குக்கு வேண்டிய 200-ஐ அதனால் தரவும் முடியாது. ஃபோர்க்கில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை எந்தப் பம்பாலும் தாண்டாதீர்கள். நைட்ரஜன் அடைத்த தனி அறை உள்ள ஷாக்கில் அந்த வால்வைத் தொடவே வேண்டாம்.

வருஷத்தில் சில தடவைதான் இதற்கு வேலை. ஆகவே ஹாஸ்டலில் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். எல்லாரும் அதே பம்பாலேயே பாருங்கள். அந்தக் கேஜ் ஐந்து பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் எப்போதும் அதே ஐந்து தப்பாகத்தான் காட்டும், உங்களுக்குப் பொருந்திய எண் மாறாது. அந்த எண்ணை ஒரு சின்னச் சீட்டில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.