உதட்டில் 9 தையல், 15 புள்ளி பின்னடைவு... மைதானத்துக்குத் திரும்பி வந்த கோச்! - பிலிப்பைன்ஸின் 'பிக் ஜே' கதை

1985 அக்டோபர். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை ஒட்டிய பாசிக் நகரின் அல்ட்ரா அரங்கில் பாஸ்கெட்பால் போட்டி நடந்துகொண்டிருந்தது. எதிரணி வீரரின் முழங்கை பட்டு, ஹினேப்ரா அணியின் ராபர்ட் ஜவோர்ஸ்கிக்கு உதடு கிழிந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 9 தையல்.

இந்தப் பக்கம் ஆட்டத்தில் ஹினேப்ரா 15 புள்ளிகள் பின்தங்கிவிட்டது. தையல் போட்ட கையோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், நேராக அரங்கத்துக்கே வந்து நின்றார். கூட்டம் எழுந்து கத்த ஆரம்பித்தது. அவர் மறுபடியும் களத்தில் இறங்கினார். ஹினேப்ரா ஜெயித்தது.

அன்றைக்கு அவருக்கு வயது 39. அணியின் வீரர் மட்டுமல்ல, கோச்சும் அவர்தான்!

'நெவர் ஸே டை' என்று இன்றுவரை ஹினேப்ரா ரசிகர்கள் சொல்லிக்கொள்ளும் கோஷத்துக்கு வேர் அந்த இரவுதான் என்பார்கள்.

பிலிப்பைன்ஸில் பாஸ்கெட்பால் வெறும் விளையாட்டு இல்லை. சந்துக்குச் சந்து ஒரு வளையம் தொங்கும். செருப்புக் காலோடு பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1975-ல் தொடங்கிய அவர்களின் பிபிஏ லீக்தான் ஆசியாவின் முதல் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக். அங்கே அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். ஹினேப்ரா என்பதே ஒரு ஜின் மதுவின் பெயர். அதே நிறுவனத்தின் ரம், ஜின் என்று இந்த அணியின் பெயர் அந்நாள்களில் அடிக்கடி மாறியது. ரசிகர்கள் மட்டும் மாறவே இல்லை. காரணம், ஜவோர்ஸ்கி.

1946-ல் பாகியோ நகரில் பிறந்தவர். அப்பா போலந்து வம்சாவளி அமெரிக்கர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். கல்லூரியில் அவரை வார்த்தவர் 'பேபி' டலுபான் என்ற புகழ்பெற்ற கோச். 1967-ல் ஆசிய சாம்பியன் பட்டம் வென்ற தேசிய அணியில் இடம், அடுத்த வருடமே மெக்சிகோ ஒலிம்பிக். கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்த வாழ்க்கை, 1971-ல் அவர் கோபத்தாலேயே சரிந்தது. ஒரு போட்டியில் தீர்ப்பு பிடிக்காமல், அவரும் இன்னொரு வீரரும் நடுவர்களை அடித்துவிட்டார்கள். விளைவு, ஆயுள்காலத் தடை!

25 வயதில் எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்திருக்கும். ஆனால், 1973-ல் ஆசிய சாம்பியன்ஷிப் மணிலாவிலேயே நடக்க, சொந்த மண்ணில் தோற்க நாட்டுக்கு மனமில்லை. தடையை நீக்கி அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் கோப்பையை வென்றது. (அடி வாங்கிய நடுவர்களுக்கு இது நியாயமா என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

அடுத்து டொயோட்டா அணி. பிபிஏ-வின் முதல் கோப்பையே அவர்களுக்குத்தான். கிறிஸ்பா அணியோடு அவர்களுக்கு இருந்த பகை கைகலப்பாகி, 1977-ல் இரண்டு அணி வீரர்களும் ஓர் இரவு ராணுவச் சிறையில் இருந்த கதையும் உண்டு. 1978-ல் லீக்கின் சிறந்த வீரர் விருது ஜவோர்ஸ்கிக்குக் கிடைத்தது.

1984-ல் டொயோட்டா கடையைக் கட்டியது. வீரர்களோடு சேர்த்து அணி வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. புது முதலாளியிடம் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டு, பின்னாளில் ஹினேப்ரா ஆன அணியில் சேர்ந்தார் ஜவோர்ஸ்கி. நீண்டகாலக் கூட்டாளியான ரமோன் ஃபெர்னாண்டஸ் மறுபக்கம் போக, இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

1985-ல் 'பிளேயிங் கோச்' பொறுப்பு வந்தது. அதாவது, திட்டம் போடுவதும் அவரே, வேண்டும்போது களத்தில் இறங்குவதும் அவரே. வயதாக வயதாக, அவர் பெஞ்சில் உட்காரும் நேரம் கூடியது. அணி தடுமாறும்போது, 'ஜவோர்ஸ்கி வரணும்' என்று கூட்டம் கோஷம் போடும். அவர் எழுந்து வந்தாலே அரங்கம் வேறு மாதிரி ஆகிவிடும். எதிரணிக்கு அது தனித் தலைவலி.

1986-ல் பில்லி ரே பேட்ஸ், மைக்கேல் ஹேக்கெட் என்ற இரண்டு அமெரிக்க வீரர்களின் துணையோடு முதல் கோப்பை. 1988-ல் இரண்டாவது. அந்த இறுதிப்போட்டியில் எதிரணியில் இருந்தவர், அதே ஃபெர்னாண்டஸ்! அடுத்த ஆண்டு, லீக்கின் முதல் ஆல் ஸ்டார் போட்டியில் இருவரும் ஒரே அணியில் ஆட வேண்டி வந்தது. கோச், பழைய டலுபான். கடைசி நொடிகளில் ஜவோர்ஸ்கி பந்தைக் கொடுக்க, ஃபெர்னாண்டஸ் கூடைக்குள் போட்டு ஜெயிக்கவைத்தார். டலுபான் இருவரையும் கைகுலுக்க வைத்தார். பல வருடப் பகை அங்கே கரைந்தது.

கோபம் மட்டும் முழுதாகக் கரையவில்லை. 1990-ல் ஷெல் அணிக்கு எதிரான இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், நடுவர்களின் முடிவுகளை எதிர்த்து அணியையே வெளியே அழைத்துப் போய்விட்டார். கோப்பை ஷெல்லுக்குப் போனது. மேலே அபராதம் வேறு.

அடுத்த வருடம் இறுதியில் மறுபடியும் ஷெல். ஹினேப்ரா 1-3 எனப் பின்தங்கியது. இன்னும் ஒரு தோல்வி என்றால் கதை முடிந்தது. இந்த முறை யாரும் வெளியே போகவில்லை. வரிசையாக இரண்டு ஆட்டங்களை வென்று 3-3 ஆக்கினார்கள். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் ரூடி டிஸ்ட்ரிட்டோ போட்ட கூடையில் கோப்பை கைக்கு வந்தது. ஜவோர்ஸ்கியின் கோச் வாழ்க்கையில் இதுதான் உச்சம் என்று சொல்லலாம்.

கணக்குப் பார்த்தால், 1997-ல் வென்றதையும் சேர்த்து மொத்தம் 4 கோப்பைகள்தான். டலுபான் பிபிஏ-வில் மட்டும் 15 வென்றவர். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில், முதன்முறையாக முழுக்க தொழில்முறை வீரர்களைக் கொண்ட தேசிய அணிக்கு கோச்சாகப் போன ஜவோர்ஸ்கி, இறுதியில் சீனாவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். ஆனாலும் 15 கோப்பைக்காரரைவிட 4 கோப்பைக்காரருக்குத்தான் தெருவில் கூட்டம் கூடியது.

50 வயதைத் தாண்டியும், மகன் ராபர்ட் ஜூனியருடன் ஒரே அணியில் ஆடினார். 1997-ல் கோப்பை வென்ற அணியின் இளைஞர்களில் பலர், அவர் முதன்முதலில் நாட்டுக்காக ஆடியபோது பிறக்கவே இல்லை.

1998-ல் அந்தக் கூட்டம் அவரை செனட்டராக்கியது. ஹினேப்ரா பெஞ்சிலிருந்தும் விலகினார். 2001 ஜனவரியில் அதிபர் எஸ்ட்ராடா மீதான பதவிநீக்க விசாரணையில், வங்கி ஆவணங்கள் இருந்த உறையைத் திறக்கக் கூடாது என்று வாக்களித்த 11 செனட்டர்களில் ஜவோர்ஸ்கியும் ஒருவர். அந்த வாக்கெடுப்பு மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சில நாள்களில் எஸ்ட்ராடாவின் ஆட்சி கவிழ்ந்தது. 2004 தேர்தலில் ஜவோர்ஸ்கி தோற்றுப்போனார்.

பாஸ்கெட்பால் ரசிகர்கள் அதை வைத்து அவரை எடை போடவில்லை. 2012 ஜூலையில், அவர் அணிந்திருந்த 7-ம் எண் ஜெர்சிக்கு ஹினேப்ரா ஓய்வு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 66. அந்த அணியில் இனி யாருக்கும் 7 கிடையாது.