தற்காப்புக் கலையும் மாணவர் நலனும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது முன்னோர் மொழி. கல்வியாகிய சித்திரத்திற்கு உடலே சுவராகும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இதற்குத் தற்காப்புக் கலைகள் பெரிதும் துணைபுரியும்.

நம் சிலம்பத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலிருந்து நம்மவரோடு மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த கலை இது. மாணவன் முதலில் ஆசானை வணங்கக் கற்கிறான். பின்னர்க் காலடி வரிசை. அதன் பின்னரே கம்பு வீச்சு. கண் எதிராளியின் கம்பை நோக்க, கை சுழல, கால் இடம் மாறுகிறது. இம்மூன்றும் ஒன்றுபடுவதால் கவனமும் உடற்சமநிலையும் வளர்கின்றன.

ஜப்பானில் 1882ஆம் ஆண்டு ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவிலோ, தொடக்கப் பாடம் அடிபடாமல் விழுவதாகும். வீழ்ந்தவன் எழுந்து, தன்னை வீழ்த்தியவனுக்கே தலைவணங்குகிறான். தோல்வியைத் தாங்கும் மனம் இவ்வாறே பண்படுகிறது.

"பிள்ளை சண்டைக்காரனாகிவிடுவானோ?" எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. அடக்கத்தைக் கற்பிக்காமல் அடியை மட்டும் கற்பிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைத்தால் தீமையே விளையும். ஆதலின் ஆசானின் ஒழுக்கத்தை முதலில் ஆராய்க. பயிற்சியை நேரில் காண்க. பெண்மக்களையும் தயங்காது அனுப்புக.

மாணவச் செல்வங்களே! கற்ற கலையை வகுப்புத் தோழனிடம் காட்டுவது வீரமன்று. சண்டையை விலக்கி, மெலிந்தோர்க்குத் துணைநிற்பதே வீரம். உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்ப்பீர்!